ஒரே ஏலக்காய்... வீட்டில் 410 கிராம், கடையில் 390 கிராம்! `லிட்டர் வெயிட்' மாறுவது ஏன்?

மலையில் இருந்து இறங்கிய ஜீப், போடிநாயக்கனூர் கடைவீதியில் நிற்கிறது. ஒரு விவசாயி ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்தபடி கமிஷன் கடைக்குள் நுழைகிறார். கடைக்காரர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுகிறார். உள்ளங்கையில் உருட்டுகிறார், நிறம் பார்க்கிறார், ஒரு காயை உடைத்து விதையைப் பார்க்கிறார். அடுத்து வருவதுதான் முக்கியமான கேள்வி.

``அண்ணே, லிட்டர் எவ்ளோ நிக்கும்?''

வீட்டில் அளந்தபோது 410 கிராம் நின்றது. அதை நம்பிக்கையோடு சொல்கிறார் விவசாயி. கடையில் ஒரு ஜாடியை எடுத்து ஏலக்காயைக் கொட்டி, மேலே தட்டி, தராசில் வைக்கிறார்கள். 390 என்று காட்டுகிறது. அதே மூட்டை, அதே காய். 20 கிராம் எங்கே போனது?

``தராசு தப்பு'' என்று ஒருவரும், ``ஏமாத்துறாங்க'' என்று இன்னொருவரும் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லாமலேயே, தராசும் சரியாக இருக்கும்போதே, இந்த 20 கிராம் காணாமல் போக முடியும் என்பதுதான் விஷயம். அது எப்படி நடக்கிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பது ஏலக்காய் விவசாயிகளுக்கு மட்டுமல்ல... வீட்டில் டம்ளரால் அரிசி அளக்கிற எல்லோருக்கும் உதவும்!

அது என்ன `லிட்டர் வெயிட்'?

தேனி மாவட்டத்துக்கும் ஏலக்காய்க்கும் உள்ள உறவு மலையேறிப் போகிற உறவு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலமலைத் தோட்டங்களுக்கு தினமும் ஆட்கள் ஜீப்பில் வேலைக்குப் போகிறார்கள். போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளைச் சேர்ந்த பலருக்கு அங்கே சொந்தத் தோட்டம் இருக்கிறது. விளைந்த காய் விலைக்கு வரும் முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று, கேரளப் பக்கம் வண்டன்மேடு அருகே உள்ள புத்தடி. இன்னொன்று, நம் பக்கம் போடிநாயக்கனூர். இரண்டு இடங்களிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது.

ஏலக்காய் கிலோ கணக்கில்தான் விற்கப்படுகிறது. பிறகு எதற்கு லிட்டர்? காயின் தரத்தைப் பார்க்கத்தான்.

ஏலக்காயின் விலை அதன் தோலுக்கு அல்ல; உள்ளே இருக்கிற கறுப்பு விதைக்கு. வாசனை எண்ணெய் இருப்பது அங்கேதான். நன்றாக முற்றிய காயில் விதை நிறைந்திருக்கும். முற்றாமல் பறித்த காய், காய்ந்ததும் சுருங்கிப்போகும். காய்த்துளைப்பான் புழு தின்ற காயில் தோல் இருக்கும், விதை இருக்காது. வெளியே பார்த்தால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். ஒவ்வொரு காயாக உடைத்துப் பார்க்க முடியாது இல்லையா?

அதற்குத்தான் இந்தக் குறுக்கு வழி. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் ஏலக்காயை நிரப்பி எடை போட வேண்டும். எடை அதிகம் என்றால் விதை நிறைந்த காய். குறைவு என்றால் பொக்கு அதிகம்.

அக்மார்க் தரப்பிரிவிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. `ஆலப்பி பச்சை எக்ஸ்ட்ரா போல்டு' என்ற முதல் தரத்துக்கு காய் 7 மில்லிமீட்டர் அளவும், லிட்டருக்குக் குறைந்தது 435 கிராமும் வேண்டும். அடுத்த `போல்டு' தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதற்கடுத்த `சுப்பீரியர்' தரத்துக்கு 5 மில்லிமீட்டர், 385 கிராம். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவே இருப்பது வெறும் 20, 30 கிராம்தான்!

இப்போது அந்த விவசாயியின் கவலை புரியும். ஜாடியை நிரப்புகிற விதத்திலேயே 20 கிராம் ஆடும் என்றால், காயின் தரத்தைச் சொல்ல வேண்டிய எண், கையின் பழக்கத்தைச் சொல்கிற எண்ணாக மாறிவிடும். ஏலக்காய் விலையோ நிலையில்லாதது. 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். அந்த ஒரு கிலோவுக்கு உரிய விலை கிடைக்குமா என்பது விவசாயிக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஜாடிக்குள் பாதி காற்று!

ஒரு லிட்டர் ஜாடியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால், ஜாடி முழுக்கத் தண்ணீர்தான். எத்தனை முறை ஊற்றினாலும் அதே அளவு. ஏலக்காய் அப்படி இல்லை. காய்க்கும் காய்க்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இருப்பது காற்று. நாம் அளப்பது காயை மட்டுமல்ல, காயையும் காற்றையும் சேர்த்து! காய்கள் எப்படி விழுந்து படிகின்றன என்பதைப் பொறுத்து காற்றின் பங்கு மாறும்.

கனடாவைச் சேர்ந்த ஜி.டி.ஸ்காட் என்ற இயற்பியலாளர் 1960-ல் சிறிய எஃகு உருண்டைகளைப் பாத்திரத்தில் கொட்டி இதை அளந்து பார்த்தார். மெதுவாகக் கொட்டினால் பாத்திரத்தின் 60 சதவிகித இடத்தை உருண்டைகள் பிடித்தன, மீதி காற்று. பாத்திரத்தை நன்றாகக் குலுக்கினால் உருண்டைகள் நெருங்கி 64 சதவிகிதம் வரை வந்தன.

`வெறும் 4 சதவிகிதம்தானே' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 இருந்த இடத்தில் 64 வந்தால், எடை 15-ல் ஒரு பங்கு கூடுகிறது. 400 கிராம் காட்ட வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 426 கிராம். ஜாடி அதே, தராசு அதே, பொருள் அதே. மாறியது குலுக்கல் மட்டும்!

ஏலக்காய் உருண்டை அல்ல, நீள்வடிவம். அதனால் எஃகு உருண்டைக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. வடிவம் மாறினால் படியும் விதமும் மாறும் என்பதை 2004-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் `எம் அண்ட் எம்' சாக்லேட் மிட்டாயை வைத்தே காட்டினார்கள். தட்டையான அந்த மிட்டாய்கள் 68 சதவிகித இடத்தைப் பிடித்தன. பொருள் எதுவாக இருந்தாலும், கொட்டும் விதம் மாறினால் எடையும் மாறும் என்பது மட்டும் பொது விதி.

கை செய்யும் ஐந்து தவறுகள்

எடை மாறுவதற்கான காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் ஐந்துதான்.

*1. கொட்டும் உயரம்:* உயரத்தில் இருந்து கொட்டினால் காய் வேகமாக விழுந்து இடித்து நெருக்கமாகப் படியும். ஜாடியின் விளிம்பில் இருந்து மெதுவாகச் சரித்தால் தளர்வாகப் படியும்.

*2. தட்டலும் குலுக்கலும்:* ஜாடியை மேஜை மேல் `டக்' என்று வைத்தாலே காய்கள் ஓர் இழை கீழே இறங்கும். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் காய் போட்டால் எடை கூடிவிடும். இரண்டு முறை தட்டுபவருக்கும் தட்டவே தட்டாதவருக்கும் ஒரே எண் வராது.

*3. தலை தட்டுவது:* விளிம்புக்கு மேல் நிற்கும் காய்களை எப்படி ஒதுக்குகிறோம்? கையால் வழித்தால் உள்ளங்கை அழுத்தும். சில காய்கள் உள்ளே அமுங்கும். விரலால் தள்ளினால் ஓரத்தில் பள்ளம் விழும். ஒரு காயே 7 மில்லிமீட்டர் என்பதால், இங்கே ஒரு வரிசை காய் கூடுவதும் குறைவதும் எளிது.

*4. மாதிரி எடுப்பது:* மூட்டை ஜீப்பில் குலுங்கிக்கொண்டே வரும்போது சிறிய காய்கள் இடுக்குகள் வழியாக அடியில் இறங்கிவிடும். பெரிய காய்கள் மேலே ஏறும். பொரிகடலை டப்பாவில் தூள் அடியில் தங்குவதுபோலத்தான். மேலே மட்டும் அள்ளினால் ஓர் எண், அடியில் அள்ளினால் வேறோர் எண்.

*5. ஜாடி:* பலரும் கவனிக்காத இடம் இது. சமையலறை அளவு ஜாடிகளில் `1 லிட்டர்' என்ற கோடு விளிம்புக்குக் கீழே இருக்கும். தலைதட்டி அளக்கும்போது நாம் நிரப்புவதோ விளிம்பு வரை. அப்படியென்றால் அளப்பது ஒரு லிட்டரை அல்ல, அதற்கும் மேலே!

தராசைப் பார்த்துச் சந்தேகப்படுகிறோம். இன்றைய எலெக்ட்ரானிக் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும். வியாபாரத் தராசுக்கு முத்திரை வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. சிக்கல் தராசில் வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கோதுமைக்கு மூன்று கோடு

இந்தச் சிக்கல் ஏலக்காய்க்கு மட்டும் வந்ததல்ல. கோதுமை, மக்காச்சோளம் என்று தானியங்களை வாங்கி விற்கும் நாடுகளிலும் `இவ்வளவு கொள்ளளவுக்கு எவ்வளவு எடை' என்பதுதான் தரம் பார்க்கும் பழைய வழி. அங்கேயும் ஆளுக்கு ஆள் எண் மாறியது. அவர்கள் கண்ட தீர்வு, தராசை மாற்றுவது அல்ல. கையின் வேலையைக் குறைப்பது.

அமெரிக்க வேளாண் துறை வகுத்த முறையில், தானியத்தை அள்ளிக் கொட்டுவதே கிடையாது. அடியில் கதவு வைத்த ஒரு புனலில் தானியத்தை நிரப்புகிறார்கள். புனலின் வாய், பாத்திரத்துக்குச் சரியாக 2 அங்குலம் மேலே நிறுத்தப்பட்டிருக்கும். கதவைத் திறந்தால் தானியம் தானாக விழுந்து பாத்திரம் நிரம்பி வழியும். பிறகு ஒரு மரப்பட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, வளைந்து வளைந்து மூன்றே மூன்று முறை இழுத்துத் தலை தட்ட வேண்டும். நான்காவது முறை கூடாது, இரண்டோடு நிறுத்தவும் கூடாது.

உயரம் ஒன்று, வேகம் ஒன்று, தட்டும் எண்ணிக்கை ஒன்று. அளப்பவர் யாராக இருந்தாலும் எண் கிட்டத்தட்ட ஒன்றே.

தவறினால் உயிருக்கே ஆபத்து

கொள்ளளவால் அளப்பதில் சின்னப் பிழைகூட ஆபத்தாக முடிகிற ஒரு துறை இருக்கிறது. துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து நிரப்புவது!

அமெரிக்கா போன்ற நாடுகளில், துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொள்பவர்கள் சுட்டு முடித்த காலித் தோட்டாவில் மீண்டும் மருந்து நிரப்புவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பழக்கம். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் அளவைக் கருவியும் நம் லிட்டர் ஜாடியின் தம்பிதான். மேலே மருந்துக் கூண்டு, நடுவே சின்னக் குழி கொண்ட உருளை, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியை ஏற்றினால் குழி நிரம்பும்; இறக்கினால் அந்த அளவு மருந்து கீழே விழும். எடை போடுவதில்லை, குழியின் கொள்ளளவுதான் அளவு.

அங்கே எடையைச் சொல்லும் அலகு `கிரெய்ன்'. ஒரு கிராமில் 15-க்கும் மேற்பட்ட கிரெய்ன் அடங்கும். பெயரே `தானியம்' என்றுதான் அர்த்தம். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியால் எடை பார்த்த கதைதான். இவ்வளவு நுண்ணிய அளவில் மருந்து கொஞ்சம் கூடினால், துப்பாக்கிக் குழலுக்குள் அழுத்தம் எல்லை மீறலாம். குறைந்தால் குண்டு பாதியில் சிக்கலாம்.

எடை மாறுவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் போடி கடைவீதியில் நிற்பதுபோலவே இருக்கும். கூண்டில் மருந்து குறையக் குறைய, மேலிருந்து அழுத்தும் பாரம் மாறி, குழியில் படியும் விதமும் மாறுகிறது. கைப்பிடியை ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை `சடக்' என்றும் இழுத்தால் அளவு மாறுகிறது. நைசான உருண்டை மருந்து சீராக விழுகிறது. குச்சி வடிவ மருந்து குறுக்கே நின்று சிக்கிக்கொள்கிறது. அதனால் கூண்டில் மருந்து மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும், கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயக்குவதும், முதலில் விழும் சில அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்குவதும், நடுநடுவே தராசில் சரிபார்ப்பதும் அங்கே எழுதப்படாத சட்டம்.

நம் நாட்டில் இது வீட்டில் செய்கிற வேலை அல்ல. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பது கடுமையான குற்றம். 2019-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்கு ஏழு ஆண்டுகளில் தொடங்கி ஆயுள் வரை தண்டனை உண்டு. தோட்டாக்களுக்கான மருந்து இங்கே தொழிற்சாலைகளில்தான் தயாராகிறது. நீலகிரியின் அருவங்காட்டில் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இயங்கிவரும் வெடிமருந்துத் தொழிற்சாலை அதில் ஒன்று. மலையோரக் கிராமங்களில் காட்டுப்பன்றியை விரட்டுகிறோம் என்று உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியில் கைக்கு வந்த அளவு மருந்தைக் கிட்டிப்பவர்கள், சட்டத்தோடு மட்டுமல்ல, தங்கள் கையோடும் கண்ணோடும் விளையாடுகிறார்கள்.

ஏலக்காயில் உயிர் போகாது. ஆனால், பாடம் ஒன்றுதான். கொள்ளளவு அளவை என்பது பாதி பாத்திரம், பாதி கை.

சோழர் காலத்து `ஆடவல்லான்'

இந்தப் பாடம் தமிழர்களுக்குப் புதிதல்ல. ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால் என்று நம் தானிய அளவுகள் எல்லாமே கொள்ளளவுதான். முல்லைப்பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் மரக்கால் பழக்கமான சொல்தான். `தலைதட்டி அளந்தாயா, கோபுரமா அளந்தாயா' என்பது தமிழ்நாட்டுக் களத்துமேடுகளின் பழைய கேள்வி. கூலியாக நெல் வாங்குபவருக்கு அந்த வித்தியாசம் ஒரு வேளைச் சோறு.

ஊருக்கு ஊர் மரக்கால் மாறினால் என்ன ஆகும் என்பது சோழர்களுக்கும் தெரிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு நெல் அளக்கும் மரக்காலுக்கு `ஆடவல்லான்' என்று பெயரே இருக்கிறது. அது `ராஜகேசரி' என்ற மரக்காலோடு ஒத்தது என்றும் கல்வெட்டு சொல்கிறது. அதாவது, வெறுமனே `இத்தனை மரக்கால்' என்று எழுதாமல், `எந்த மரக்காலால்' என்பதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, நாம் லிட்டர் வெயிட் சொல்லும்போது எந்த ஜாடியில், எப்படி அளந்தோம் என்பதைச் சொல்வதில்லை!

வீட்டிலேயே சரியாக அளப்பது எப்படி?

செலவு அதிகம் இல்லை. ஒரு ஜாடி, ஒரு புனல், ஒரு மர ஸ்கேல், ஒரு எலெக்ட்ரானிக் தராசு, ஒரு நோட்டு போதும்.

*ஜாடியைச் சோதியுங்கள்:* காலி ஜாடியைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,000 கிராம் (நம் ஊர் வெயிலில் 996 கிராம் வரை குறையலாம்). 1,040 கிராம் காட்டினால் உங்கள் ஜாடி ஏறக்குறைய 1.04 லிட்டர். அந்த ஜாடியில் ஏலக்காய் 416 கிராம் நின்றால், உண்மையான லிட்டர் வெயிட் 416-ஐ 1.04-ஆல் வகுத்தால் வரும் 400 கிராம்தான். தரத்தில் 16 கிராம் கூடுதல் என்று நீங்கள் நம்பியது, ஜாடியின் விளிம்புக்குச் சொந்தமானது! சோதனை முடிந்ததும் ஜாடியை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள்.

*மாதிரியைக் கலந்து எடுங்கள்:* மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுத்து ஒரு தாம்பாளத்தில் குவியுங்கள். நன்றாகக் கலந்து, குவியலை நான்கு பாகமாகப் பிரித்து எதிரெதிரே உள்ள இரண்டு பாகங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடி நிரம்பி வழியும் அளவுக்கு மாதிரி இருக்கட்டும்.

*புனலால் கொட்டுங்கள்:* அகலமான வாய் கொண்ட புனலை ஜாடிக்கு மேலே ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, காய் சிக்காதபடி கழுத்தை அகலமாக நறுக்கினால் அதுவே புனல். நடுவில் நிறுத்தாமல், ஜாடி வழியும்வரை ஒரே ஓட்டமாகக் கொட்டுங்கள். தட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. மேஜை ஆடக் கூடாது.

*ஸ்கேலால் தலை தட்டுங்கள்:* மர ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல், ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு இழுங்கள். எத்தனை முறை என்று முடிவு செய்துகொண்டு எப்போதும் அத்தனை முறை மட்டும்.

*ஐந்து முறை அளந்து எழுதுங்கள்:* இதுதான் முக்கியம். ஒரு முறை அளந்து வந்த எண்ணை நம்பாதீர்கள். ஜாடியைக் காலி செய்து, காயைக் கலந்து, மீண்டும் மீண்டும் ஐந்து முறை அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு 398, 404, 401, 395, 402 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2,000, சராசரி 400 கிராம். மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக அதிக எண்ணுக்கும் வித்தியாசம் 9 கிராம்.

இந்த 9 கிராம்தான் உங்கள் கையின் ஆட்டம். இது தெரிந்துவிட்டால், கடையில் எப்போது பேச வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். கடையில் 396 வந்தால் சண்டை வேண்டாம். உங்கள் வீட்டிலேயே அதைவிடக் குறைந்த எண் வந்திருக்கிறது. 380 வந்தால், ``அண்ணே, உங்க ஜாடியில நான் ஒரு தடவ அளக்குறேன், என் ஜாடியில நீங்க ஒரு தடவ அளங்க'' என்று உரிமையோடு கேட்கலாம். இரண்டு ஜாடியையும் பக்கத்தில் வைத்து அளந்தால், வித்தியாசம் காயிலா, ஜாடியிலா, கையிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உண்மையிலேயே எடை மாறுவதும் உண்டு

எல்லாப் பழியையும் கையின் மேல் போடவும் முடியாது. காயே மாறியிருக்கலாம். பறிக்கும்போது ஏலக்காயில் ஏறக்குறைய 80 சதவிகிதம் ஈரம். ஸ்டோரில் 45 முதல் 55 டிகிரி சூட்டில் பதமாக உலர்த்தி, 10 சதவிகிதம் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். உலர்ந்த ஏலக்காய் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மலையில் மூட்டை திறந்து கிடந்தால் காய் கனக்கும். கீழே வெயிலில் கிடந்தால் இலேசாகும். அதனால் லிட்டர் வெயிட் எழுதும்போது அன்றைய ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. ஈரம் கூடி எடை நிற்பது தரம் அல்ல. அப்படிப்பட்ட காயில் பூஞ்சை பிடிக்கும்.

காம்பும் பூமுனையும் உதிராத காய்கள் ஒன்றோடொன்று நெருங்காமல் இடைவெளி விட்டு நிற்கும். அதே காயைத் தேய்த்து, புடைத்து, சலித்து அளந்தால் எடை மாறும். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த எண்ணையும் பின் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

எண் சீராக வரத் தொடங்கினால் இன்னொரு பலனும் உண்டு. ஒவ்வொரு பறிப்புக்கும் எழுதி வைத்த நோட்டைப் புரட்டினால், எந்தப் பறிப்பில் காய் முற்றும் முன்பே எடுத்தோம், எந்த மாதத்தில் புழுத் தாக்குதல் இருந்தது என்பதை அந்த எண்களே சொல்லும். கை ஆடிக்கொண்டிருந்தால், அந்தத் தகவல் எல்லாம் ஆட்டத்தில் மறைந்துபோகும்.

அடுப்படிக்கும் இதே பாடம்

ஏலக்காய்த் தோட்டம் இல்லாதவர்கள் சமையலறைக்கு வாருங்கள். `ஒரு கப் மைதா' என்று யூடியூப் பார்த்து கேக் செய்தால் ஒரு நாள் பஞ்சுபோல வருகிறது, மறுநாள் கல்போல வருகிறது. காரணம், கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 140, 150 கிராம்வரை வரும்; சலித்து ஸ்பூனால் போட்டுத் தலை தட்டினால் 120 கிராம்தான். கல் உப்பு ஒரு ஸ்பூனும், தூள் உப்பு ஒரு ஸ்பூனும் ஒன்றல்ல. தூள் உப்பில் இடைவெளி குறைவு, கரிப்பு அதிகம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம். டாக்டர் சொல்லி பால் பவுடர் கொடுப்பவர்கள், டின்னோடு வரும் ஸ்பூனையே பயன்படுத்த வேண்டும். அமுக்காமல் அள்ளி, தலை தட்டித்தான் போட வேண்டும். குவித்துப் போட்டால் பால் கெட்டியாகும். அது குழந்தையின் உடம்புக்குச் சுமை. ஒரு டின்னின் ஸ்பூனை வேறு பிராண்டுக்குப் பயன்படுத்துவதும் தவறு.

பாட்டி வைக்கும் இட்லி மாவு எப்போதும் ஒரே பதத்தில் வருகிறதே, எப்படி? அவரிடம் தராசு கிடையாது. ஆனால் அதே டம்ளர், அதே அள்ளல், அதே தலைதட்டல். நாற்பது ஆண்டுகளாக மாறாத கை அது. புதிதாகச் சமைக்க வந்த பேத்தி அதே டம்ளரில் அளந்தும் மாவு வேறு மாதிரி வந்தால், பாட்டி எதையும் மறைக்கவில்லை. பேத்தியின் கை வேறு.

போடி கடைவீதியில் நிற்கும் விவசாயியின் 20 கிராமும் அப்படித்தான். அடுத்த முறை மலையில் இருந்து மூட்டை இறங்கும்போது, ``லிட்டர் எவ்ளோ நிக்கும்?'' என்ற கேள்விக்கு ஒரு எண்ணை மட்டும் சொல்ல வேண்டாம். ``என் ஜாடியில அஞ்சு தடவ அளந்தேன், 395-ல இருந்து 404-க்குள்ள நின்னுச்சு'' என்று நோட்டைக் காட்டிச் சொல்லலாம். அப்படிச் சொல்பவரிடம் யாரும் லேசில் விலை குறைத்துப் பேச முடியாது.